இனுயிட் மக்களுக்கான சமூக வீடு: வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது?

அளவுகோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலை முதுநிலைப் படிப்பின் இறுதித் திட்டப்பணிக்காக, கனடாவின் கியூபெக் மாகாணத்து வடகோடியான நுனாவிக் பகுதியில், அங்குள்ள வடதுருவப் பழங்குடிகளான இனுயிட் குடும்பங்களுக்கான வாடகைச் சமூக வீடு ஒன்றை வடிவமைத்து வருகிறேன். அங்குள்ள ஊர்கள் 14. தெற்கிலிருந்து எந்த ஊருக்கும் சாலை கிடையாது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கும் கிடையாது.

என் முதல் வரைபடம் இதுதான்: எஃகுத் தூண்களின் மேல் நிற்கும் ஒற்றைத்தள வீடு, மூன்று படுக்கையறைகள், தடித்த வெப்பக்காப்புச் சுவர், மூன்றடுக்குக் கண்ணாடிச் சாளரங்கள், பனிவீட்டை நினைவூட்டும் குவிமாடக் கூரை. மண்டபத்தின் நடுவே ஆறு பேர் அமரும் உணவு மேசை. கூரை நடுவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஒருவர் மட்டும், "இதில் இனுயிட் குடும்பம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார், என்னால் விடை சொல்ல முடியவில்லை. வடக்கே பணி செய்தவர்கள் இங்கு இருப்பதாக அறிவேன். பிழைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

பனிமுகடு எழுதியது:

தங்கள் நடுவர் கேட்டது நல்ல கேள்வி. நான் மொன்ரியலில் கட்டடச் சேவைப் பொறியாளன். கோடைகாலப் பணிகளுக்காக நுனாவிக் ஊர்கள் சிலவற்றில் தங்கியிருக்கிறேன். எனவே கூரையிலிருந்தே தொடங்குகிறேன், மன்னியுங்கள்.

"இக்லு" என்ற சொல்லை நாம் பனிவீடு என்றே படித்து வந்திருக்கிறோம். இனுயிட் மொழியில் அதற்குப் பொருள் வீடு, அவ்வளவே. மரப்பலகை வீடும் இக்லுதான். பனிக்கட்டிகளை அடுக்கிக் கட்டுவதற்கு இக்லுவிகாக் என்று வேறு பெயர் உண்டு. (நுனாவிக் வழக்கில் இக்லு "இல்லு" என்று ஒலிக்கும். நம் "இல்" நினைவுக்கு வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள், வேர்ச்சொல் ஆய்வில் இறங்கிவிட வேண்டாம்.) 1950களின் பிற்பகுதியில் அரசே கிங்காயிட் என்ற ஊரில், நுரைப் பிளாஸ்டிக்கால் குவிமாட வீடுகளைக் கட்டிச் சோதித்துப் பார்த்தது. அம்முயற்சி வேரூன்றவில்லை. வளைந்த சுவரில் அலமாரியும் பொருந்தாது, கட்டிலும் பொருந்தாது. உடைந்த பலகைக்கு மாற்றுப் பலகையும் எளிதில் கிடைக்காது.

பனிவீட்டிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அதன் உருவத்தை அன்று, அதன் உள்ளமைப்பை. நுழைவுக்குத் தாழ்வான சுரங்க வழி. குளிர்ந்த காற்று கனமானதாகையால் அங்கேயே தங்கிவிடும். அதைக் கடந்து மேலேறினால் உயர்ந்த உறங்குமேடை. சூடான காற்று அங்கே சேரும். பக்கத்தில் குல்லிக் என்னும் கல்விளக்கு, கடல்நாய்க் கொழுப்பில் எரியும். சுவர் தடுப்பு எதுவும் கிடையாது; ஒரே கூடத்தில் சமையல், தையல், உறக்கம், கதை எல்லாம். குளிரிலிருந்து சூட்டுக்குப் படிப்படியாகச் செல்லும் அந்த வரிசையும், எல்லாரும் எல்லாரையும் பார்க்கும் அந்தக் கூடமும்தான் தங்கள் வரைபடத்தில் விடுபட்டவை.

நுழைவாயிலை இப்படி எண்ணிப் பாருங்கள். வேட்டைக்குச் சென்றவர் திரும்பி வருகிறார். உடல் முழுதும் கனத்த உடை, கையில் துப்பாக்கி, பையில் இறைச்சி, வெளியே பனிமோட்டார் வண்டியும் அதன் பின்னால் கமுத்திக் என்னும் சறுக்குவண்டியும். துப்பாக்கியைச் சட்டென்று சூட்டுக்குள் கொண்டுவந்தால் உலோகம் வியர்க்கும். தோலுடைகளும் சூட்டில் கிடந்தால் கெடும். ஆகவே சூடேற்றாத ஒரு முன்னறை வேண்டும்; அதற்கு அடுத்து, உடை கழற்றி ஈரத்தை உலர்த்தச் சூடான ஒரு முன்னறை வேண்டும். பழைய வீடுகளின் ரேழியைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. தங்கள் படத்தில் கதவைத் திறந்தால் நேரே சோபா.

அடுத்து அந்த உணவு மேசை. ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். அடுக்களைத் தரையில், கப்பலில் வந்த சரக்குப் பெட்டியின் அட்டையைப் பிரித்து விரித்திருந்தார்கள். அதன்மேல் கடல்நாய் ஒன்று. மூதாட்டி ஒருவர் கால்களை நேரே நீட்டி அமர்ந்து, உலு என்னும் பிறைவடிவக் கத்தியால் தோலையும் கொழுப்பையும் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் மண்டியிட்டு, வெட்டியதை அங்கேயே உண்டுகொண்டிருந்தார்கள். அடுக்களையோ ஒரே ஒருவர் அடுப்பின் முன் நின்று சமைக்கும் அளவுக்கு வரையப்பட்டது. அட்டையின் ஒரு மூலை குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் செருகியிருந்தது, மறுமூலை நடைவழியை அடைத்திருந்தது; நான் கதவருகிலேயே நின்றுகொண்டேன். மேசை அந்த வீட்டிலும் இருந்தது. அதன்மேல் ஒரு தையல் எந்திரமும் பிரித்துப்போட்ட எஞ்சின் பாகங்களும் இருந்தன.

தரையடியைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான இடங்களில் நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். கோடையில் மேற்பகுதி மட்டும் இளகி மீண்டும் உறையும். வீட்டின் சூடு கீழே இறங்கினால் உறைந்த மண் குழைந்து வீடு சாயும். எனவே சரளைமேட்டின்மேல் திருகு ஜாக்கிகளில் வீட்டை நிறுத்தி அடியில் காற்று ஓட விடுவார்கள். நிலம் இறங்கினால் ஜாக்கியைத் திருகிச் சமன்செய்யலாம். சில இடங்களில் உலோகக் குழாய்களை முக்கோணங்களாகக் கோத்த சட்டகத்தை அடித்தளமாக வைக்கிறார்கள். ஓர் ஓரம் தாழ்ந்தாலும் சட்டகம் முழுவதும் ஒன்றாகச் சாயுமே தவிரச் சுவர் பிளக்காது. தூண் போட்டது சரி. மனையையும் பார்த்தே தேர்ந்தெடுங்கள்: 1998இல் சலூயிட் ஊரில் உறைநிலத்தின் மேற்படலம் சரிந்ததால், புதுக் குடியிருப்புக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து வீடுகளையே அகற்ற நேர்ந்தது.

செங்கல் எழுதியது:

பனிமுகடு சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் பொது வீட்டுவசதித் துறையில் முப்பது ஆண்டுகள் கோப்பு பார்த்தவன் என்ற முறையில், இந்த உரையாடல் தவறான முனையில் தொடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். அங்கே சிக்கல் வடிவமைப்பு அன்று, எண்ணிக்கை.

1950களிலும் 60களிலும் பள்ளி, மருத்துவம், உதவித்தொகை ஆகியவற்றைக் காட்டி, வேட்டைத் தளங்களில் பரவி வாழ்ந்த மக்களை அரசு நிலையான ஊர்களுக்குள் கொண்டுவந்தது. 1953இல் நுனாவிக்கின் இனுக்ஜுவாக் ஊர் மக்களில் சிலரை இன்னும் வடக்கே, ரெசல்யூட்டுக்கும் கிரைஸ் ஃபியோர்டுக்கும் கப்பலேற்றிய கதை தெரிந்ததே. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்க 2010 வரை ஆயிற்று. ஊருக்குள் வந்தவர்களுக்குக் கிடைத்தவை "தீப்பெட்டி வீடுகள்" என்றே பெயர் பெற்ற ஓரறைப் பலகை வீடுகள். 1965இல் வாடகை வீட்டுத் திட்டம் வந்தது. 1993இல் நடுவணரசு புதிய சமூக வீடுகளுக்கான நிதியையே நிறுத்திவிட்டது. இனுயிட் மக்கள்தொகையோ மிக இளையது, வேகமாக வளர்வது. கட்டுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை வளரவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்குப் புலி தேவையில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி, இனுயிட் தாயகப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில் இருக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவரது வீட்டுக்குப் பெரும் பழுதுபார்ப்பு தேவைப்படுகிறது.

மூன்று படுக்கையறை வீட்டில் பத்துப் பேர் இருக்கும்போது, ரேழி ஒன்றா இரண்டா என்பது பட்டிமன்றத் தலைப்பு. முதலில் கதவுகளின் எண்ணிக்கை கூடட்டும்.

கூதிர் எழுதியது:

ஐயா, பொதுச் சுகாதாரத் துறையில் பணிசெய்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எண்ணிக்கையும் வடிவமைப்பும் தனித்தனிக் கோப்புகள் அல்ல. அவை இரண்டும் சந்திக்கும் இடம் நுரையீரல்.

கனடாவின் மற்றோர் இனுயிட் பகுதியான நுனாவுட்டின் பாஃபின் வட்டாரத்தில் கைக்குழந்தைகள் உள்ள 49 இனுயிட் வீடுகளை ஆய்வுசெய்து 2007இல் வெளியிட்டார்கள். வீட்டுக்குச் சராசரியாக 6.1 பேர். காற்றில் கரியமில வாயுவின் சராசரி 1358 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு). 1000ஐத் தாண்டினாலே காற்றோட்டம் போதவில்லை என்று கொள்வது வழக்கம். காற்றோட்டம் குறையக் குறையவும், ஆட்கள் கூடக் கூடவும், குழந்தைகளுக்குக் கீழ்ச்சுவாசத் தொற்று வரும் வாய்ப்புக் கூடியது. காசநோயைப் பாருங்கள்: கனடாவில் பிறந்த, பழங்குடியினர் அல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இனுயிட் மக்களிடையே அந்நோய் ஏறத்தாழ 300 மடங்கு. 2030க்குள் அதை அடியோடு ஒழிப்பதாக 2018இல் அரசு உறுதியளித்தது. ஒரே அறையில் இரவு முழுவதும் ஐந்து பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கும் வரை மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

தெற்கத்திய வீட்டின் காற்றோட்டக் கணக்கு படுக்கையறை எண்ணிக்கையை வைத்துப் போடப்படுகிறது: மூன்று அறை என்றால் நான்கு பேர் என்று காற்றோட்டக் கருவி எண்ணிக்கொள்கிறது. பத்துப் பேர் மூச்சு விடுகிறார்கள், கூடவே கலைமான் இறைச்சி மணிக்கணக்கில் கொதிக்கிறது, உடைகள் உலர்கின்றன. அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? குளிர்ந்த மூலைகளில் நீராய்ப் படிந்து பூஞ்சையாகும். செங்கல் ஐயா சொன்ன மூன்றில் ஒரு பங்குப் பழுதில் இந்த ஈரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. புது வீடுகளைக் கட்டிக்கொண்டே பழையவற்றை ஈரத்துக்கு இழந்தால், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலத்தான்.

பனிமுகடு எழுதியது:

கூதிர் அவர்கள் சொன்னதற்கு என் சொந்தப் பிழையே சாட்சி.

அந்தக் காற்றோட்டக் கருவியின் வேலை எளியது: வெளியேறும் பழைய காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றித் தருவது. உள்ளிருந்து போகும் ஈரக்காற்று, கழித்தல் முப்பது பாகையில் கருவியின் உட்பகுதியிலேயே பனியாய் உறைந்து வழியை அடைத்துவிடும். அதனால் இரட்டை உட்பகுதி கொண்ட கருவிகளை இப்போது வடக்கே சோதிக்கிறார்கள். ஒன்றன் வழியே காற்று வெளியேறி அதைச் சூடேற்றும்போது மற்றொன்றின் வழியே புதுக் காற்று வரும், சிறிது நேரத்தில் இரண்டும் இடம் மாறும்.

இவ்வளவும் தெரிந்துதான் ஒரு வீட்டுக்கு நான் காற்றுவழி வரைந்தேன். கூடத்தின் ஒரு மூலை வரைபடத்தில் வெறுமையாக இருந்தது; யார்மேலும் நேரே குளிர்காற்றுப் படாது என்று புதுக்காற்றுத் துவாரத்தை அங்கே வைத்தேன். மறுஆண்டு சென்றபோது துவாரத்தில் ஒரு கம்பளிக் காலுறை இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. அதன் கீழே ஒரு மெத்தை. பகலில் அது சுவரோடு சாய்ந்து நிற்கும், இரவில் இரண்டு பிள்ளைகளின் படுக்கை. "குழந்தைகளுக்குக் குளிர்கிறது" என்று வீட்டுத் தலைவி சொன்னார். அவர் குரலில் குறை சொல்லும் தொனி கூட இல்லை. வரைபடத்தில் வெற்று மூலையாகத் தெரிந்தது அந்த வீட்டின் நான்காவது படுக்கையறை. கருவியில் பழுதில்லை, நான் போட்ட கணக்கிலும் பழுதில்லை. அந்தக் கூடத்தில் இரவில் யார் படுப்பார்கள் என்று ஒருவரையும் நான் கேட்கவில்லை.

ஆகவே, அளவுகோல், கூடம் என்று தாங்கள் எழுதும் ஒவ்வோர் இடத்தையும் இரவு இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று இன்னொரு முறை வரையுங்கள்.

அளவுகோல் எழுதியது:

குவிமாடத்தை நேற்றே அழித்துவிட்டேன், ஐயா. கொஞ்சம் வலித்தது.

ஓர் ஐயம்: செங்கல் ஐயா கேட்பதுபோல எண்ணிக்கையை மட்டும் விரைந்து பெருக்கிய முன்னுதாரணம் வடக்கே எங்கேனும் உண்டா?

தோணித்துறை எழுதியது:

உண்டு, கிரீன்லாந்தில். நூக் நகரத்து "பிளாக் பி" அடுக்ககத்தை டென்மார்க் அரசு 1960களின் நடுவில் கட்டியது. ஐந்து தளம், 320 குடியிருப்புகள். ஒரு கட்டத்தில் கிரீன்லாந்து மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அந்த ஒரே கட்டடத்தில் வாழ்ந்ததாகச் சொல்வார்கள். சிறு கடலோர ஊர்களைச் சேர்ந்தவர்களை நகரத்தில் குவிக்கும் கொள்கையின் சின்னம் அது. செங்கல் கேட்ட "எண்ணிக்கை" அங்கே கிடைத்தது.

உள்ளே நடந்தது வேறு. கதவுகள் ஐரோப்பிய அளவில் குறுகியவை. கனத்த உடையோடு நுழைவதே பாடு. உடைப்பேழைகள் மீன்பிடிக் கருவிகளைக் கொள்ளவில்லை. வலையும் கருவிகளும் மாடத்தில் குவிந்து, தீ பிடித்தால் தப்பும் வழியை அடைத்தன. வேட்டையில் கிடைத்ததை வெட்ட வேறு இடமில்லாமல் குளியல் தொட்டியில் வெட்டினார்கள். உறைந்த இரத்தம் கழிவுக் குழாய்களை அடைத்தது. 2012இல் அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டு கூட நிற்காத வீட்டை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

மறுமுனையில் கட்டடக்கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கினின் ரெசல்யூட் திட்டம் இருக்கிறது. 1970களில் அவர், காற்றைத் தடுக்கும் நீண்ட சுவர் போன்ற கட்டடம் ஊரை அரவணைத்து நிற்பதாக வரைந்தார். படத்தில் பார்க்க மயக்கும். ஒரு பகுதி மட்டும் எழும்பியது, பின்னர் கைவிடப்பட்டது. குவிமாடத்தை அழித்தவருக்கு இது ஆறுதலாகட்டும்.

செங்கல் எழுதியது:

"பிளாக் பி" என் வாதத்தை நேராகவே அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுவதும் பின்வாங்கவில்லை. ஒரு பகுதியைத் திருத்திச் சொல்கிறேன்.

அங்கே மரம், கண்ணாடி, ஆணி, கொதிகலன் எல்லாம் கடல் உருகியிருக்கும் சில மாதங்களில் கப்பலில்தான் வரும். பட்டியலில் ஒரு பொருள் விடுபட்டால் பெருஞ்செலவில் விமானத்தில் வரவேண்டும், இல்லையேல் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். கட்டும் பருவமும் குறுகியது. அதனால் எந்த வீட்டுவசதி நிறுவனமாக இருந்தாலும் ஒரே வரைபடத்தையே ஊர்தோறும் திரும்பத் திரும்பக் கட்டும். வேறு வழியில்லை, அதைக் குறையாகவும் சொல்ல முடியாது. நுனாவுட் அரசு 2022இல் அறிவித்த திட்டம் 2030க்குள் 3000 வீடுகள் என்கிறது. அவ்வளவையும் தனித்தனியாக வரைந்துகொண்டிருக்க முடியுமா?

ஆனால் அதே காரணத்தால்தான் அந்த ஒரு வரைபடத்தில் ஒவ்வோர் அங்குலமும் முக்கியமாகிறது என்பதை இந்த இழையில்தான் உணர்ந்தேன். தனி வீட்டில் ஒரு பிழை ஒரு குடும்பத்தோடு போகும். இங்கே தவறான இடத்தில் வைத்த ஒரு துவாரம் நூற்றுக்கணக்கான காலுறைகளைக் கேட்கும். அந்த வகையில் பனிமுகடுடன் உடன்படுகிறேன்: எண்ணிக்கை பெரிதாகும்போது வரைபடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது வீண்செலவாகாது.

ஒரு நிபந்தனை உண்டு. கருவி எதுவாயினும், அதைப் பழுதுபார்க்கும் ஆள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். உதிரிப்பாகம் அந்த ஊர்க் கிடங்கிலேயே இருக்க வேண்டும். தெற்கிலிருந்து ஆள் பறந்து வரவேண்டிய எந்தக் கருவியும் முதல் குளிர்காலத்திலேயே சுவர் அலங்காரமாகிவிடும்.

பனிமுகடு எழுதியது:

முழு உடன்பாடு. நுனாவிக்கில் இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. 2012இல் கூஜுவாக் ஊரில், வீட்டில் வாழ்பவர்களையும் கட்டுபவர்களையும் பராமரிப்பவர்களையும் ஒரே அறையில் அமர்த்திப் பட்டறை நடத்தினார்கள். அதன் விளைவாக 2015இல் குவாக்டாக் ஊரில் ஓர் இரட்டை வீடு எழுந்தது. குளிர் முன்னறை, சூடான முன்னறை, வேட்டை இறைச்சியைக் கையாளத் தக்க திறந்த அடுக்களைக் கூடம், முக்கோணச் சட்டக அடித்தளம் எல்லாம் அதில் இருந்தன. குவிமாடம் இல்லை; வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடுதான்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். பெரும்பாலான ஊர்களில் குழாய் கிடையாது, லாரி வந்து வீட்டுக்குள் உள்ள தொட்டியை நிரப்பும், இன்னொரு லாரி கழிவுநீரை உறிஞ்சிச் செல்லும். கழிவுத்தொட்டி நிரம்பிவிட்டால் நல்ல நீரின் பம்பும் தானே நின்றுவிடும். புயலில் லாரி வராத நாளில் பத்துப் பேர் உள்ள வீட்டை எண்ணிப்பாருங்கள். தெற்கத்தியக் குடும்ப அளவுக்குத் தொட்டியை வைத்தால், காற்றுக் கணக்கில் நான் செய்த பிழையைத் தாங்கள் நீரில் செய்தவர் ஆவீர்கள்.

அளவுகோல் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். திருத்திய வரைபடம் இப்படி இருக்கிறது.

இரட்டை முன்னறை வந்துவிட்டது. குளிர்ந்த அறையில் உறைபெட்டிக்கும் துப்பாக்கிப் பேழைக்கும் இடம். உணவு மேசையை அகற்றவில்லை, சுவரோரம் தள்ளிவிட்டேன். அதனால் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே மூன்று மீட்டர் சதுரத் தரை திறந்து கிடக்கிறது, எந்த நடைவழியும் அதைக் குறுக்கே வெட்டவில்லை. அத்தரைக்கு இணைப்புக் கோடு இல்லாத ஒரே விரிப்பு, ஓரங்கள் சுவரில் ஒரு சாண் ஏறி நிற்கும். கழுவிவிட வடிகால் ஒன்று. பெரிய ஆழமான கழுவுதொட்டி. புதுக்காற்றுத் துவாரங்களை எல்லா மூலைகளிலிருந்தும் எடுத்து, அடுப்புக்கும் முன்னறைக் கதவுக்கும் இடையே உயரத்தில் வைத்தேன். அங்கே யாரும் மெத்தை போட முடியாது. காற்றையும் நீரையும் பத்துப் பேருக்குக் கணக்கிட்டேன். கூரையடியில் காற்றுத் துளைகளை நீக்கினேன். நுண்பனி அவ்வழியே புகுந்து வசந்தத்தில் உருகிக் கூரைப்பலகையை நனைக்கும் என்று படித்தேன்.

இதில் எதையும் அங்கே வாழும் ஒருவரிடம் நான் இன்னும் காட்டவில்லை என்பதை அறிவேன். கல்லூரி வழியாக ஒரு வீட்டுவசதி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அதற்குள் ஒரு சிறு ஐயம்: வெளிக்கதவு வெளிநோக்கித் திறக்கட்டுமா, உள்நோக்கியா? தீயணைப்பு விதிப் பாடத்தில் வெளிநோக்கி என்று படித்த நினைவு.

பனிமுகடு எழுதியது:

பலர் கூடும் பொதுக்கட்டடத்துக்கு அது சரி. வீட்டுக்கு உள்நோக்கியே வையுங்கள். ஓரிரவுப் பனிக்காற்றில் கதவின் வெளிப்புறம் இடுப்பளவு பனி சேர்ந்துவிட்டால், வெளிநோக்கித் தள்ளும் கதவு அசையாது. கதவு எந்தச் சுவரில் என்பது அதைவிட முக்கியம். காற்று மோதும் சுவரும் வேண்டாம். அதற்கு மறைவான பின்சுவரும் வேண்டாம், பனி வந்து குவிவது பெரும்பாலும் அந்த மறைவில்தான். காற்றுக்கு இணையாக ஓடும் பக்கச்சுவரில் வைத்தால், காற்றே வாசலைப் பெருக்கிக் கொடுத்துவிடும். எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது வாசலும் வேண்டும். மனை எந்த ஊரில் என்று முடிவானதும் அந்த ஊரின் காற்றுத் திசைப் படத்தை அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.